ஊமைத் திரைக்கு ஒலி தந்தவர்

கருவி வாங்கக் காசு போதும். கருவியைத் தேர்ந்தெடுக்க அறிவு வேண்டும். இன்று நெருளில் நான்கு மாணவர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பாராயின், பாய் தலையணைக்கு அடுத்தபடியாக அவர்கள் பேசுவது பாட்டுப் பெட்டியைப் பற்றித்தான். கூடத்தில் படம் பார்க்க வேண்டும். அறைதோறும் பாட்டுக் கேட்க வேண்டும். பேச்சு தெளிவாக விழ வேண்டும். எந்த ஸ்பீக்கர்? எத்தனை ஸ்பீக்கர்? கடைக்காரர் ஒன்று சொல்வார். விளம்பரம் வேறொன்று சொல்லும். அறைத் தோழர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்.

இதே கேள்வி 1930-ஆம் ஆண்டு வாக்கில், கடற்கழிக்கு அப்பாலுள்ள பழைய பம்பாயில், ஒருவர் முன் வந்து நின்றது. அவருக்கு வேண்டியிருந்தது கூடத்துக்கான ஒலிக்கருவி அன்று. பேசாதிருந்த இந்தியத் திரைக்கே ஒலி தரவல்ல கருவி. அவர் கண்ட விடையால் இந்துஸ்தானி பேசிற்று. அடுத்த சில திங்களில் நம் தமிழும் பேசிற்று. அப்பெருமகனார் அர்தேஷிர் இரானி.

1886-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் புனாவில் பிறந்தார் இரானி. பாரசீகத்திலிருந்து வந்து இந்நாட்டில் குடியேறிய சொராஸ்திர சமயத்தாரின் மரபு அவருடையது. தந்தையார் இசைக்கருவிகளும் போனோகிராப் பெட்டிகளும் விற்கும் வாணிகம் செய்தவர். மைந்தரும் அதிலேயே இறங்கினார். வீட்டில் இருந்தபடியே பாட்டுக் கேட்கலாம் என்பது அந்நாளில் பெரும் புதுமை. அப்புதுமையை விற்கும் கடையில் தொடங்கிய வாழ்க்கை, பின்னாளில் ஒரு நாட்டையே கேட்கச் செய்தது.

பின்பு படக்காட்சி அவரை ஈர்த்தது. அப்துல்அலி யூசுப்அலி என்பவர் கூடாரத்தையும் படக்கருவியையும் சுமந்துகொண்டு பர்மா, இலங்கை, சிங்கப்பூர், ஜாவா என்று ஊர் ஊராகக் காட்சி நடத்தித் திரும்பியவர். அவரும் இரானியும் 1914-இல் கூட்டுச் சேர்ந்து பம்பாயில் அலெக்ஸாண்டிரா கொட்டகையை நடத்தலாயினர். 1918-இல் கிர்காமில் மெஜஸ்டிக் கொட்டகை எழுந்தது. படம் காட்டியவர் படம் எடுக்கவும் துணிந்தார். 1922-இல் ஸ்டார் நிறுவனத்தின் சார்பில் வீர அபிமன்யு வெளிவந்தது. சில ஆண்டுகளில் இம்பீரியல் பிலிம் கம்பெனி தோன்றியது. 1928-இல் சுலோசனா நடித்த அனார்கலி அதன் புகழைப் பரப்பிற்று. அவை யாவும் ஊமைப் படங்களே.

அக்காலத்தில் அமெரிக்காவில் ஒலி வந்துவிட்டது. 1927-இல் வெளியான ஜாஸ் சிங்கர் அங்கே ஊமைப்பட யுகத்தின் முடிவைத் தொடங்கி வைத்தது. பின்னர் ஷோ போட் என்ற அமெரிக்கப் படத்தைப் பம்பாய் எக்ஸெல்ஸியரில் பார்த்த இரானிக்கு, நம் மொழியிலும் இது ஆகாதா என்ற எண்ணம் பிறந்தது. எண்ணம் பிறந்தவுடன் பிறந்தது கேள்வி: எந்தக் கருவி?

அன்று வழிகள் பல இருந்தன. ஒன்று, ஒலியைப் பெரிய இசைத்தட்டில் பதித்து, படச்சுருளோடு சேர்த்துச் சுழற்றுவது. ஜாஸ் சிங்கர் இவ்வழியில் வந்ததே. முள் சற்றே தாவினாலும் போதும்; வாய் ஒரு சொல்லைப் பேச, காது வேறொரு சொல்லைக் கேட்கும். இரண்டாவது வழி, ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிப்பது. இதிலும் இரு பிரிவு உண்டு. படத்தை ஒரு கருவியிலும் ஒலியை மற்றொரு கருவியிலும் தனித்தனியே எடுத்துப் பின்னர் இணைப்பது ஒரு பிரிவு. இரண்டையும் ஒரே கருவியில் ஒரே சுருளில் ஒருங்கே பிடிப்பது மற்றொரு பிரிவு.

கல்கத்தாவில் மதன் நிறுவனத்தார் போட்டிக்கு நின்றனர். இந்தியா, பர்மா, இலங்கை எங்கும் கொட்டகைகள் கொண்ட செல்வர் அவர்கள். ஒலியைத் தனியே பிடிக்கும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். இரானி தேர்ந்ததோ டானர் என்னும் ஒற்றைக் கருவி. அதன் குணமும் குற்றமும் ஒன்றே: பேச்சும் உதடும் பிறக்கும்போதே இணைந்து பிறக்கின்றன; ஆதலால் பிரித்துத் திருத்த வழியில்லை. நடிப்பு நன்றாக அமைந்து, இடையில் ஒருவர் இருமிவிட்டால் இரண்டும் பாழ். மீண்டும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

கருவியோடு அதனை இயக்கக் கற்றுத்தர வில்போர்ட் டெமிங் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வந்தார். நாளொன்றுக்கு நூறு ரூபாய் அவருக்குக் கூலி. அந்நாளில் அஃது எத்துணைப் பெருந்தொகை! நெடுநாள் தாங்காது என்று கண்ட இரானி, ருஸ்தம் பரூச்சாவைத் துணைக்கொண்டு ஒலிப்பதிவைத் தாமே மேற்கொண்டார். நிறுவனத்தின் முதலாளியே காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவாளராக அமர்ந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்!

கருவி கிடைத்தது, கையும் பழகிற்று, இடம் இடர் செய்தது. ஸ்டூடியோவுக்கு அருகே இரயில் பாதை. ஒலி புகாத சுவர் ஏதும் அங்கில்லை. பகலெல்லாம் வண்டியோசை. மைக் பேதம் பாராட்டாது. நடிகையின் குரலையும் இரயிலின் இரைச்சலையும் ஒன்றாகவே வாங்கும். புதிய ஸ்டூடியோ கட்டக் காத்திருந்தால் மதன் முந்திவிடுவார். என் செய்தார் இரானி? இடத்தை மாற்ற முடியாதெனக் கண்டு நேரத்தை மாற்றினார். கடைசி வண்டி போனபின், நள்ளிரவு கடந்து ஒரு மணி முதல் நான்கு மணி வரை படம் பிடித்தார். மைக்குகளைப் படத்தில் தெரியாத இடங்களில் மறைத்து வைத்தார். வாத்தியக்காரரும் கண்ணில் படாமல் ஒதுங்கி இசைக்க வேண்டும். ஆதலால் பக்கீர் வேடத்தில் டபிள்யூ. எம். கான் பாடிய பாட்டுக்கு ஆர்மோனியமும் தபேலாவுமே துணை. இந்தியத் திரைப்பாட்டின் பெருவெள்ளம் அத்தனை சிறிய ஊற்றிலிருந்து புறப்பட்டதே!

1931-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் ஆலம் ஆரா மெஜஸ்டிக் கொட்டகையில் வெளியாயிற்று. ஜுபைதாவும் மாஸ்டர் விட்டலும் பிருதிவிராஜ் கபூரும் நடித்த அப்படத்தில் ஏழு பாடல்கள் இருந்தன. கூட்டத்தை அடக்கக் காவலர் வர நேர்ந்தது. நாலணாச் சீட்டு நாலைந்து ரூபாய்க்குக் கைம்மாறிற்று. மதன் நிறுவனத்தின் ஷிரீன் பர்ஹாத் சில வாரம் பின்னே வந்தது. ஒலியில் அதுவே மேல் என்று வல்லுநர் கூறுவர். ஆயினும் முதற்பேச்சு என்ற பெருமை எளிய கருவிக்கே போயிற்று.

தமிழராகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செயல் இனிமேல்தான் வருகிறது. இந்துஸ்தானியோடு நின்றிருந்தால் இரானிக்கு நட்டமில்லை. ஆனால் பேசும் படத்துக்கு ஊமைப்படத்தில் இல்லாத ஓர் எல்லை உண்டு என்பதை அவர் உணர்ந்தார். ஊமைப்படம் எல்லா ஊரிலும் ஓடும். பேசும் படமோ மொழி தெரிந்த ஊரில்தான் வேரூன்றும். ஆகவே எச். எம். ரெட்டியை இயக்குநராக்கி, நாடக மேடையில் வளர்ந்த டி. பி. ராஜலட்சுமியைப் பம்பாய்க்கு வரவழைத்து, அதே ஸ்டூடியோவில் காளிதாஸ் எடுத்தார். கதாநாயகி தமிழில் பேச, உடன் நடித்தோர் தெலுங்கிலும் இந்தியிலும் விடை பகர்ந்தனர். தியாகராசரின் கீர்த்தனையும் இருந்தது. மதுரகவி பாஸ்கரதாசின் தேசியப் பாடலும் இருந்தது. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரலில் படம் திரையேறியபோது, குறைகளை எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தம் மொழி திரையிலிருந்து வருகிறது, அதுவே போதும்! அந்த ராஜலட்சுமியே 1936-இல் மிஸ் கமலா என்ற படத்தைத் தாமே இயக்கித் தென்னாட்டின் முதற்பெண் இயக்குநரானார்.

இரானி அத்தோடு ஓயவில்லை. 1933-இல் பாரசீக மொழியின் முதற்பேசும் படமாகிய லோர்ப் பெண்ணை, செபந்தா என்ற ஈரானிய அறிஞரோடு சேர்ந்து பம்பாயிலேயே எடுத்தார்; அது டெஹ்ரானில் பெருவெற்றி பெற்றது. 1937-இல் சினிகலர் முறையைக் கொணர்ந்து, இந்நாட்டிலேயே முழுதும் உருவான முதல் வண்ணப்படமாகிய கிசான் கன்யாவை அளித்தார். இம்முறை தேர்வு பலிக்கவில்லை. வண்ணத்தை மக்கள் உடனே வரவேற்றிலர். 1969 அக்டோபர் 14-ஆம் நாள் பம்பாயில் மறைந்தார்.

இவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? விலையுயர்ந்த கருவியைவிட, நம் இடத்துக்கும் பணப்பைக்கும் கைக்கும் பொருந்திய கருவியே வேலை செய்யும் என்பதாம். நெருள் வீட்டுக் கூடத்திலும் அதே சோதனைகள்தாம். வெற்றுச் சுவரும் கல்தரையும் ஒலியைத் திருப்பி எறிந்து பேச்சைக் கலக்கும். தடித்த திரைச்சீலையும் மெத்தையும் அதை அடக்கும். சில நூறு ரூபாய்த் திரைச்சீலை செய்வதைச் சில ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர் செய்யாது. அறைதோறும் பாட்டுக்குக் கம்பியில்லாப் பெட்டி ஏற்றது. படத்துக்கோ அது சிற்சில வேளை ஒலியைத் தாமதமாகத் தரும். உதடு முந்தும், சொல் பிந்தும். இரானி அஞ்சிய அதே பிணி! கூடத்துப் படத்துக்குக் கம்பியிணைப்பே நலம். தாழ்ந்த சுரம் சுவரைத் துளைத்து அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும். ஆதலால் இரவில் அதைக் குறைப்பது கடன். பழுதானால் நாமே சரிசெய்யக்கூடியதா என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஆலம் ஆராவின் படி ஒன்றும் இன்று இல்லை. காளிதாசும் அவ்வாறே அழிந்தது. அந்த இரவுகளில் இரானி காத்துப் பிடித்த குரல்களை இனி எக்கருவியாலும் நாம் கேட்க முடியாது. எஞ்சியிருப்பவை சில நிழற்படங்களும் பாட்டுப் புத்தகமுமே. தோழர்காள்! நல்ல கருவி வாங்குங்கள். ஊரில் இருக்கும் பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் அதில் பதித்துவையுங்கள். பதிக்கும் கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இரயில் ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை.