முருகன் வேஷத்தில் மறைந்த தியாகி

மேடையேறும் நடிகனுக்கு முகங்கள் இரண்டு. விளக்கொளியில் ஜனங்கள் காண்பது ஒன்று. அரிதாரத்தைக் கழுவிய பின் அவன் தனித்துக் காண்பது மற்றொன்று. முதல் முகத்தைக் கொண்டாடி, இரண்டாவதை அறியாதிருப்பது உலக வழக்கம். இதற்குத் தேசபக்தர் விஸ்வநாததாஸின் சரித்திரத்தைவிட உருக்கமான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

அவர் 1886-ல் சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்தார். க்ஷவரத் தொழிலை அக்குலத்தின்மீது சுமத்திய சமூகம், அதன் பொருட்டே அவர்களைத் தாழ்த்தியும் வைத்திருந்தது. திருமங்கலம் அவரது வாசஸ்தலமாயிற்று. இனிய சாரீரம் அவரை நாடக மேடைக்குக் கொண்டு சென்றது.

1919-ல் பாஞ்சாலத்தில் நிகழ்ந்த படுகொலை தேசமெங்கும் கனலை மூட்டியது. நாடகங்களைத் தடுக்க 1876-லேயே சர்க்கார் சட்டம் செய்து வைத்திருந்தது. ஆனால், வள்ளி திருமணத்தை எந்தச் சட்டத்தால் தடுப்பது? மதுரகவி பாஸ்கரதாஸ் முதலானோர் இயற்றிய தேசிய கீதங்களை, முருகன் வேஷத்தில் நின்று தாஸ் பாடினார். தினைப்புனத்தில் இறங்கும் வெள்ளைக் கொக்கு எந்த நாட்டுப் பறவையென்பது படியாத பாமரனுக்கும் விளங்கிற்று, போலீஸாருக்கும் விளங்கிற்று. கொட்டகை வாசலிலேயே கைதாவது அவருக்கு வழக்கமாயிற்று. இருபத்தொன்பது முறை சிறை புகுந்தார் என்பர்.

சிறைத் துன்பம் அந்நியன் தந்தது. அதனினும் கொடியதைச் சொந்த ஜனங்கள் தந்தனர். ஸ்பெஷல் நாடகமென்பது ஓரிரவுக்கென வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் வந்து கூடுவது. உடன் நடிப்பவர் மறுத்தால் நாடகமே இல்லை. தாஸின் ஜாதியைச் சொல்லி, அவருடன் வள்ளியாக நடிக்க ஸ்திரீ நடிகைகள் பலர் மறுத்தனர். மேடையில் தோன்றிய முருகனைக் கும்பிட்ட கைகளே, இறங்கி வந்த மனிதரை எட்ட நிறுத்தின! அந்நாளில் துணிந்து அவருடன் நடிக்க முன்வந்தவர், பின்னாளில் விடுதலைப் போரில் தாமும் சிறை சென்ற கே. பி. ஜானகி அம்மாள்.

சிறைவாசத்தால் வருவாய் தடைப்பட்டது, கடன் ஏறிற்று, திருமங்கலத்து வீடும் கடனுக்கு ஈடாயிற்று. தேசியப் பாடல்களை விட்டுவிட்டால் கடனைத் தீர்ப்பதாக அதிகாரவர்க்கம் ஆசை காட்டியதென்றும், அவர் அதனை உதறினாரென்றும் சொல்வர். ஆயினும் கொட்டகைக்கு வந்தோர் கண்டது வேலேந்திய புன்முறுவலையே. வேஷத்தின் பின்னிருந்த துயரத்தை அவர் மேடைக்குக் கொண்டுவரவில்லை.

1940 டிசம்பர் 31-ந் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் அவரது உயிர் பிரிந்தது. அப்போது வயது ஐம்பத்து நான்கு. அரிதாரம் கலையாமலே, முருகனாகவே அவரது இறுதி ஊர்வலம் சென்றது.

1947-ஐக் காண அவர் இருக்கவில்லை. இன்று திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அது நம் கடமையின் தொடக்கமேயன்றி முடிவன்று. பறங்கியர் கொடுமையைப் பேசும்போது நம் குரல் ஓங்குகிறது. நம்மவர் இழைத்ததைப் பேசும்போது ஏனோ தணிந்துவிடுகிறது. கலைஞனுக்கு மாலை சூட்டி, அவன் பிறப்பை இகழும் புத்தி எவ்வூரில் எஞ்சியிருப்பினும், அவ்வூரில் தாஸின் போராட்டம் இன்னும் முடியவில்லை. அதனை முடித்து வைப்பதே அவருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி.