கணிதக் களம் கண்ட தார்த்தாலியா

நுழையும்முன்

மாணவர்க்கான நிரலாக்கப் போட்டிகளில் விதிமுறைகள் பல உண்டு. நிரலைத் தாமே எழுதுதல், பிறரிடம் பெற்றதை மறைக்காது கூறுதல் ஆகியன அவற்றுள் தலையாயவை. இவ்விதிகள் காக்கும் அறம் கணினிக்கும் முற்பட்டது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த கணித அறிஞர் ஒருவரின் வாழ்க்கை அதனை உணர்த்துகிறது.

துன்பத்தில் முளைத்த கல்வி

நிக்கோலோ 1500ஆம் ஆண்டையொட்டிப் பிரெசியா நகரில் பிறந்தார். குதிரையில் அஞ்சல் கொண்டு சென்ற தந்தை கொலையுண்டபின் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. 1512இல் பிரெஞ்சுப் படையினர் நகரைச் சூறையாடியபோது, தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சிறுவனின் தாடையும் அண்ணமும் வாள்வீச்சால் பிளவுண்டன. மருத்துவத்திற்குப் பொருளில்லாத தாய், காயத்தைக் கழுவிக் கழுவியே மகனைக் காப்பாற்றினார். உயிர் மீண்டது, பேச்சு குழறியது. திக்குவாயர் எனப் பொருள்படும் ‘தார்த்தாலியா’ என்னும் பட்டப்பெயரையே அவர் தம் பெயராக ஏற்றார். எழுத்துகள் முழுவதையும் கற்பதற்குள் பள்ளிக்குக் கொடுக்கப் பணம் தீர்ந்தது. எஞ்சியவற்றைத் தாமே பயின்று கணித ஆசிரியராக உயர்ந்தார்.

முப்பது வினாக்கள்

அக்காலத்தில் அறிஞர்தம் புகழும் பணியும் பொதுவில் நிகழ்ந்த கணிதப் போட்டிகளைச் சார்ந்திருந்தன. ஆதலால், புதிய வழிமுறை கண்டவர் அதனை மறைத்தே வைத்தனர். போலோக்னாப் பேராசிரியர் டெல் ஃபெர்ரோ முப்படிச் சமன்பாட்டின் ஒரு வகைக்குத் தீர்வு கண்டார். அதனைத் தம் மாணவர் ஃபியோருக்குக் கற்பித்துவிட்டு 1526இல் மறைந்தார்.

அந்த ஃபியோர், வெனிஸ் நகரில் வாழ்ந்த தார்த்தாலியாவுடன் 1535இல் போட்டியிட்டார். ஒருவர் மற்றவர்க்கு முப்பது வினாக்கள் அளித்தல் வேண்டும். இருவர்க்கும் காலக்கெடு ஒன்றே. வினாக்கள் நோட்டரி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஃபியோரின் முப்பது வினாக்களும் ஆசான் கற்பித்த அந்த ஒரே வகையைச் சேர்ந்தவை. தார்த்தாலியாவின் வினாக்களோ பல வகையின. பிப்ரவரி 12ஆம் நாள் இரவு கடந்து 13 புலர்வதற்குள் தார்த்தாலியாவுக்கு அவ்வழிமுறை புலப்பட்டது. இரண்டு மணி நேரத்திற்குள் முப்பதுக்கும் விடை கண்டார். ஃபியோர் தோற்றார். பந்தயமாகக் குறித்த முப்பது விருந்துகளையும் வென்றவர் வேண்டாமென விட்டார்.

மீறப்பட்ட வாக்கு

மிலான் நகர மருத்துவரும் கணித அறிஞருமான கார்டானோ அவ்வழிமுறையைப் பலமுறை வேண்டினார். வெளியிடுவதில்லை என அவர் வாக்களித்தபின், 1539இல் தார்த்தாலியா அதனைச் செய்யுள் வடிவில் அளித்தார். 1543இல் கார்டானோவும் அவர்தம் மாணவர் ஃபெராரியும் போலோக்னா சென்று, டெல் ஃபெர்ரோவின் குறிப்புகளில் அதே தீர்வு முன்னரே இருந்ததைக் கண்டனர். வாக்கு இனித் தம்மைக் கட்டுப்படுத்தாது எனக் கருதிய கார்டானோ, 1545இல் ‘ஆர்ஸ் மாக்னா’ என்னும் நூலில் தீர்வை வெளியிட்டார். டெல் ஃபெர்ரோ, தார்த்தாலியா இருவர் பெயரையும் அதில் குறிப்பிட்டார். எனினும், நம்பிக் கொடுத்தவரின் இசைவைப் பெறவில்லை.

கொதித்தெழுந்த தார்த்தாலியா மறு ஆண்டே தம் நூலில் கார்டானோவைச் சாடினார். 1548இல் மிலானில் நிகழ்ந்த போட்டிக்குக் கார்டானோ வரவில்லை, ஃபெராரியே எதிர்நின்றார். போட்டி முடியுமுன்னரே தார்த்தாலியா ஊர் திரும்பினார். அத்தோல்வியால் புகழும் வருவாயும் குறைந்தன. 1557இல் வெனிஸில் மறைந்தார்.

தம்மையும் அளக்கும் கோல்

தார்த்தாலியாவின் வாழ்விலும் ஒரு கறை உண்டு. 1543இல் அவர் பதிப்பித்த ஆர்க்கிமிடீசு நூல்களின் இலத்தீன் பெயர்ப்பு, பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மூர்பெக்கே வில்லியமின் உழைப்பு. அவர் பெயரைத் தார்த்தாலியா குறிப்பிடவில்லை. கார்டானோ பெயரைச் சொல்லி வாக்கை மீறினார். தார்த்தாலியாவோ பெயரையே சொல்லாது விட்டார். தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை உணர்ந்த நெஞ்சம், தாம் பிறர்க்கு இழைத்ததை உணரவில்லை.

முப்படிச் சமன்பாட்டுத் தீர்வு இன்றும் கார்டானோ பெயராலேயே பெரிதும் வழங்குகிறது. வினாத்தாளைக் காக்க ஒரு நோட்டரி போதும். பிறர் உழைப்பைக் காக்க அவரவர் மனச்சான்றே வேண்டும். நிரல் எழுதும் மாணவர் தம் விடையின் இறுதியில், உதவிய நூலையும் நண்பரையும் குறிக்கும் ஒரு வரி, தார்த்தாலியா பிறரிடம் எதிர்பார்த்து, தாம் எழுதத் தவறிய வரியாகும்.