இலவசமாக வந்த சைக்காலஜி புத்தகம்

ராயபுரத்தில் என் அக்கா மகள் சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். வீடு இரண்டுபட்டு, பஞ்சாயத்து என்னிடம் வந்தது. எண்ணூரில் மோட்டாரும் பம்பும் பார்க்கிற இன்ஜினியருக்கு என்ன தெரியும்? நம்ம கல்லூரி சீனியர் ஒருவர் கதையைச் சொன்னேன்.

1937-ல் தாம்பரம் போகும்வரை நம்ம கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கம், ஆண்டர்சன் சர்ச்சை ஒட்டித்தான் இருந்தது. வேலூர் ஊரிஸ் கல்லூரியிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார் திருத்தணி ராதாகிருஷ்ணன். என்ன பாடம் எடுப்பது என்று குழப்பம். புத்தகம் வாங்கக் காசும் இல்லை. படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொடுத்தார்: ஸ்டௌட்டின் மனோதத்துவம், வெல்ட்டனின் தர்க்கம், மெக்கன்ஸியின் ஒழுக்கவியல். பாடம் தத்துவம் என்று முடிவாகிவிட்டது! அக்காலத்தில் சைக்காலஜி தத்துவத்துக்குள்தான் அடக்கம்.

வகுப்பில் மிஷனரி ஆசிரியர்கள் இந்து மதத்தை விமர்சித்தது அவரை உறுத்தியது. எம்.ஏ. ஆய்வுக்கு வேதாந்தத்தின் ஒழுக்கவியலையே எடுத்து, பதில் எழுதினார். பேராசிரியர் ஹாக் கோபித்துக்கொள்வாரோ என்று உள்ளூர பயம். ஹாக்கோ மனம் திறந்து பாராட்டினார்! 1908-ல் ஆய்வு அச்சேறியது. (அந்தப் பெருந்தன்மைக்கே ஒரு சிலை வைக்கலாம்.)

1909-ல் மாநிலக் கல்லூரியில் வேலை. அடுத்து சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. அங்கே சக மாணவர்களுக்கு இவரே சைக்காலஜி எடுத்தார். அது 1912-ல் புத்தகமாகவும் வந்தது. 1962-ல் ஜனாதிபதி ஆனதும், 1975-ல் மறைந்ததும் எல்லோரும் அறிந்ததே.

அக்கா மகள் முழுக்கக் கேட்டாள். "எனக்குப் புத்தகம் யார் தருவாங்க மாமா?" என்றாள்.