எழுத்துக்கு விலை கேட்ட ஏந்தல்: சாமுவேல் ஜான்சன்

புலவர்கள் புரவலரை நாடிச் சென்று பரிசில் பெற்று வாழ்ந்த மரபு நம்முடையது. பரிசில் பெறுவதிலும் நம் புலவர்க்கு ஒரு நெறி இருந்தது. தன்னை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததையும், பொருளுக்காக மட்டும் வந்து நிற்கும் வணிகன் அல்லன் தான் என்று உணர்த்தியதையும் புறநானூற்றின் 208ஆம் பாடலிற் காண்கிறோம். புரவலரின் காலம் மறைந்து, நூல் வணிகரின் காலம் தோன்றிய சந்தியில் நின்ற ஒரு புலவர், எழுத்தை விலைக்கு விற்றுக்கொண்டே அப்பெருமிதத்தையும் காத்துக்கொள்ள முடியுமா? பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த சாமுவேல் ஜான்சனின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்குப் பெரிதும் பயன்படும்.

1709ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் லிச்ஃபீல்டு என்னும் சிற்றூரில் ஜான்சன் பிறந்தார். தந்தை மைக்கேல் புத்தகக் கடை வைத்திருந்தார். கடை நிறைய நூல்கள் இருந்தன, கையில் காசு இல்லை. இளமையிலேயே கண்டமாலை நோய் முகத்தை வடுப்படுத்தி, ஒரு கண்ணின் ஒளியையும் பெரும்பாலும் பறித்துக்கொண்டது. 1728இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவர் பதின்மூன்று திங்களில் வறுமையால் வெளியேறினார். கிழிந்த காலணியோடு நடந்த மாணவரைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர் புதுக் காலணியை அவர் அறை வாயிலில் வைத்துச் சென்றாராம். ஜான்சன் அதனைத் தூக்கி எறிந்துவிட்டார். கேளாமல் இடப்படும் ஈகையை அவரால் ஏற்க இயலவில்லை. பின்னாளில் ஒரு பெருமகனின் பாராட்டையும் அவர் அவ்வாறே தூக்கி எறிந்தார்.

1735இல் பர்மிங்ஹாம் நூல் வணிகர் ஒருவருக்காக லோபோ பாதிரியாரின் அபிசீனியப் பயண நூலை மொழிபெயர்த்துத் தந்தார். கூலி ஐந்து கினி. (கினி என்பது இருபத்தொரு ஷில்லிங், பவுனைவிட ஒரு ஷில்லிங் கூடுதல்.) அவ்வாண்டே தம்மினும் இருபது வயது மூத்த எலிசபெத் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவர் தொடங்கிய பள்ளியும் நிலைக்கவில்லை. 1737இல் தம் மாணவர் டேவிட் கேரிக்குடன் இலண்டன் புறப்பட்டார். கேரிக் பின்னர் நாடக மேடையில் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆசிரியரோ எட்வர்டு கேவ் நடத்திய திங்கள் இதழில் மொழிபெயர்ப்பு, வரலாறு, நாடாளுமன்ற உரை என்று பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார்.

1738இல் 'இலண்டன்' என்னும் தம் பாடலைப் பதிப்பாளர் டாட்ஸ்லியிடம் கொண்டுசென்றார். அதற்குச் சற்று முன்னர் பால் ஒயிட்ஹெட் என்ற கவிஞர் ஒரு பாடலுக்குப் பத்துக் கினி பெற்றிருந்தார். தமக்கு இன்னும் குறைவாகக் கொடுத்திருந்தாலும் ஏற்றிருக்கக்கூடும் என்றும், ஒயிட்ஹெட் பெற்றதற்குக் குறைவாகப் பெறுவதில்லை என்று உறுதி கொண்டதாகவும் ஜான்சன் பின்னர் நண்பர் பாஸ்வெல்லிடம் கூறினார். பத்துக் கினி கிடைத்தது. தனியாகத் தொழில் செய்பவன் தன் உழைப்பின் விலையை எவ்வாறு அறிவான்? இன்னொருவன் பெற்ற விலையைக் கொண்டே அறிவான். ஊதியத்தை மறைவாக வைத்திருப்பது கொடுப்பவனுக்கே ஆதாயம் என்பதை முப்பது வயது நிரம்பாத அவ்விளைஞர் உணர்ந்திருந்தார். ஆஸ்பர்ன் என்னும் நூல் வணிகர் தம்மிடம் ஆணவமாகப் பேசியபோது ஜான்சன் அவரை அடித்தே விட்டார் என்பதும் வரலாறு. இது பேரம் பேசும் முறையாகாது. ஆயினும் படிக்கும்போது மகிழாதிருக்க முடியவில்லை.

அவர் வாழ்வின் பெரிய ஒப்பந்தம் 1746 ஜூன் 18ஆம் நாள் கையெழுத்தானது. டாட்ஸ்லி, மில்லர், லாங்மன் முதலிய நூல் வணிகர் சிலர் கூட்டாக முன்வந்து ஆங்கில அகராதி ஒன்று செய்துதரக் கேட்டனர். தொகை 1,500 கினி. அதாவது 1,575 பவுன். ஒரு கவிதைக்குப் பத்துக் கினி பெற்றவருக்கு இது மலைபோல் தோன்றியிருக்கும். ஆனால் உதவியாளர் கூலி, தாள் முதலிய செலவெல்லாம் அத்தொகைக்குள்ளேயே அடக்கம். மூன்றாண்டில் முடிப்பதாக அவர் ஏற்றார். ஆனது ஏறத்தாழ ஒன்பது ஆண்டு. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 175 பவுன். அதில் படியெடுப்போர் அறுவருக்கும் கூலி தரவேண்டும். மொத்தத் தொகைக்கு வேலை ஏற்பவன் காலத்தைத் தவறாகக் கணித்தால் அந்த இழப்பு முழுவதும் அவன் தலையிலேயே விழும். சொற்களை எண்ணுவது எளிதன்று. ஒரு சொல்லுக்குப் பொருள் காணப் புகுந்தால் அது நூறு நூல்களுக்கு இழுத்துச் செல்லும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி செய்தபோதும் இந்த உழைப்பை அறிந்திருப்பார். ஆனால் அவர் துறவி, வீட்டு வாடகை கேட்பார் இல்லை.

செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் கதையை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1747இல் அகராதித் திட்டத்தை ஜான்சன் அவருக்கு உரிமையாக்கி வெளியிட்டார். பிரபு தந்தது பத்துப் பவுன். அதன்பின் ஏழாண்டு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நூல் வெளிவரும் தறுவாயில், 1754 இறுதியில், இதழொன்றில் அகராதியைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரியில் ஜான்சன் அவருக்கு மடல் ஒன்று வரைந்தார். உதவி வேண்டியிருந்தபோது வாராமல், கரையேறிய பின் வந்து கைகொடுப்பது புரவலரின் செயலாகாது என்பதே அதன் சாரம். ஏழாண்டு உழைப்பில் ஒரு துணையும் தாம் பெறவில்லை என்பதைப் பணிவான நடையிலேயே அதில் எழுதியிருந்தார். அக்கால இடைவெளியில் மனைவியும் 1752இல் மறைந்திருந்தார். மகிழ்ந்து பகிர வீட்டில் எவரும் இல்லை. பெருஞ்சித்திரனார் அவரை அறிந்திருந்தால் தம் இனத்தவர் என்றே கொண்டிருப்பார்.

அந்த ஒன்பதாண்டும் வயிற்றுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1750 முதல் 1752 வரை வாரம் இருமுறை வெளியான 'ராம்ப்ளர்' தாளுக்கு இதழ் ஒன்றுக்கு இரண்டு கினி வீதம் எழுதினார். மொத்தம் 208 இதழ்கள். முடங்கிக் கிடந்த பெருநூலை இந்தச் சிறுநூற் கூலியே தாங்கியது எனலாம்.

1755 ஏப்ரலில் அகராதி இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். விலை நான்கு பவுன் பத்து ஷில்லிங். பதிப்பாளர்கள் ஒரு விடுதியில் விருந்து வைத்துக் கணக்கு முடித்தபோது, ஒப்பந்தத் தொகைக்கு மேல் நூறு பவுனுக்கும் அதிகமாகவே ஜான்சன் வாங்கிவிட்டிருந்தது பற்றுச்சீட்டுகளால் தெரிந்ததாம். அவர்கள் அதனைத் திரும்பக் கேட்கவில்லை. பதிப்பாளர்களைத் தாராள மனத்தினர் என்று ஜான்சன் இறுதிவரை புகழ்ந்ததற்கு இதுவும் காரணமாகலாம். அடுத்த ஆண்டே, 1756 மார்ச்சில், ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவர் சிறைப்பிடிக்கப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார். நாட்டின் மொழிக்கே வரம்பு கட்டியவரின் நிலை அது. நூலின் உரிமையோ பதிப்பாளரிடம். விற்பனை பெருகினும் ஆசிரியருக்குப் பங்கில்லை.

ஜான்சனை நேர்மையின் திருவுரு என்று மட்டும் காட்டினால் வரலாறு குறைபடும். 1756இல் ஷேக்ஸ்பியர் பதிப்புக்கு முன்பணம் திரட்டத் தொடங்கியவர் 1765இல்தான் நூலைத் தந்தார். பணம் செலவாயிற்று, முன்பணம் தந்தோர் பட்டியலும் தொலைந்தது. சர்ச்சில் என்ற கவிஞர் இதனை எள்ளிப் பாடினார். உழைப்புக்கு உரிய விலை கேட்பவன் உரிய காலத்தில் வேலை தரவும் வேண்டும் அன்றோ? இக்குறையை அவர் அன்பர்களும் மறைக்கவில்லை.

1759இல் தாயார் இறந்தபோது அடக்கச் செலவுக்கும் சிறு கடனுக்குமாக ஒரு வார மாலைப் பொழுதுகளில் 'ராசிலாஸ்' என்னும் கதையை எழுதினார். நூறு பவுன் பெற்றார். இரண்டாம் பதிப்புக்கு மேலும் இருபத்தைந்து. மறுபதிப்புக்குத் தனித்தொகை என்பது அகராதி ஒப்பந்தத்தில் இல்லாத முன்னேற்றம்.

தமக்காகப் பேசியதைவிடப் பிறர்க்காகப் பேசுவதில் அவர் வல்லவர். கோல்ட்ஸ்மித் வாடகை தராததால் வீட்டுக்காரியிடம் அகப்பட்டு ஆள் அனுப்பினார். ஜான்சன் உடனே ஒரு கினி அனுப்பி, பின்னாலேயே சென்றார். போய்ப் பார்த்தால் கினி மதுப்புட்டியாகியிருந்தது! புட்டியை மூடிவிட்டு, விற்க ஏதும் உண்டா என்று கேட்டார். ஒரு நாவலின் கையெழுத்துப்படி வெளிப்பட்டது. புரட்டிப் பார்த்துப் பதிப்பாளரிடம் கொண்டுசென்று அறுபது பவுனுக்கு விற்று வந்தார். அதுவே 'வேக்ஃபீல்டு பாதிரியார்' என்று உலகம் போற்றும் நூல். கோல்ட்ஸ்மித் தாமே போயிருந்தால் பாதியும் பெற்றிருப்பாரோ என்பது ஐயமே.

1762இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் ஓய்வூதியம் வழங்கினார். அச்சொல்லுக்குத் தம் அகராதியில் அவர் தந்திருந்த பொருளோ, நாட்டைக் காட்டிக்கொடுக்கும் அரசுக் கூலியாளுக்குத் தரப்படும் பணம் என்பதாம்! நண்பர்களைக் கலந்து பேசிய பின்னரே ஏற்றார். பணமுடை நீங்கியதும் பேரம் பேசும் நாவும் தளர்ந்தது. 1777இல் பதிப்பாளர் மூவர் அவர் இல்லம் வந்து ஆங்கிலக் கவிஞர் வரிசைக்குச் சிறு முன்னுரைகள் வேண்டினர். நிலையான பதிப்புரிமை இல்லையென்று 1774இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்திருந்தது. எடின்பரோவில் அச்சான மலிவுப் பதிப்பு அவர்களை நெருக்கியது. ஜான்சனின் பெயர் ஒன்றே அவர்களுக்குப் படைக்கலம். தொகையை அவரே சொல்லலாம் என்றனர். அவர் சொன்னது 200 கினி. ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தாலும் தயங்காமல் தந்திருப்பார்கள் என்கிறார் மலோன். சிறு முன்னுரைகள் ஐம்பத்திரண்டு கவிஞர் வரலாறாக விரிந்து 1781இல் நிறைவுற்றன. பதிப்பாளர்கள் பின்னர் நூறு கினி கூட்டித் தந்தனர்.

குறிப்பு எழுதித் தரவும் மெய்ப்புப் பார்க்கவும் நம்மை அழைப்போர் ஊதியத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இப்பகுதியைப் படிக்குந்தோறும் எனக்கு ஜான்சன் மீது சினமே வருகிறது. அவருக்கோ வருத்தமில்லை. அவர்கள் குறைத்துத் தரவில்லை, தாமே மிகுத்து எழுதிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

1784 டிசம்பர் 13ஆம் நாள் அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்து, அவர் இல்லத்தில் பல்லாண்டு பணிசெய்த பிரான்சிஸ் பார்பருக்கு ஆண்டுக்கு எழுபது பவுன் கிடைக்க உயிலில் வழிசெய்திருந்தார். ஒரு பணியாளுக்கு அது மிகுதி என்று செல்வ நண்பர் சிலர் முணுமுணுத்தனர்.