ஓவிய ஆசான் ஈக்கின்ஸ்

பிலதெல்பியா நகரிலே, அழகெழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரொருவரின் மகனாக 1844இல் தோன்றியவர் தோமஸ் ஈக்கின்ஸ். பாரிசிலே ஜெரோமிடம் பயின்று மீண்ட இவர், 1876 முதல் பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்திற் கற்பித்தார். சுண்ணச் சிலைகளைப் பார்த்து நெடுங்காலம் வரைதலை இவர் விரும்பிலர். உயிருள்ள மனிதனையே முன்னிறுத்தி, தொடக்கத்திலிருந்தே தூரிகையால் எழுதுவித்தார். பிணம் அறுத்துத் தசையும் என்பும் அறியச் செய்தார். மகளிர்க்கும் இக்கல்வி வேண்டுமென்பது அவர் துணிபு.

1886இல், மாணவியர் இருந்த வகுப்பிலே, இடுப்புத் தசையை விளக்குதற்பொருட்டு ஆண் மாதிரியின் அரைத்துணியை அகற்றினார். கழகத்தார் அவரைப் பதவி துறக்கச் செய்தனர். வகுப்பறையில் நிற்கும் நாம் அவ்வூராரின் அச்சத்தை உணர்வோமாயினும், மறைத்த தசையை எங்ஙனம் கற்பிப்பது? மாணவர் பலர் வெளியேறித் தனிச் சங்கம் நிறுவினர். ஆங்கே ஊதியமின்றியே கற்பித்தார்.