கல்வீட்டில் வளர்ந்த கலாயோகி

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராசர் திருவுருவமும் 1918இல் வெளிவந்த 'சிவநடனம்' என்னும் ஆங்கில நூலும் நம் நினைவில் எழும். கலாயோகி என்று போற்றி, நம்மவர் என்று உரிமை பாராட்டி, அவ்வளவில் நிறுத்திக்கொள்வது நம் மேடைகளின் வழக்கம். நானும் அவ்வாறே பேசியிருக்கிறேன். அவர் பெயரின் நடுவே நிற்கும் 'கென்டிஷ்' என்ற சொல்லை நாம் உச்சரிப்பதேயில்லை. தாயின் பிறப்பிடமான கென்ட் மாவட்டத்தைச் சுட்டும் சொல் அது. புத்தரின் அணுக்கச் சீடர் பெயரும், ஆங்கில நாட்டின் ஒரு மாவட்டமும், முருகன் திருநாமமும் ஒரே மனிதரின் பெயரில் கூடியிருந்தன.

தந்தை சர் முத்து குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தாய்மாமன். இலங்கைச் சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் தந்தவர். 1875இல் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1877 ஆகஸ்டு 22இல் கொழும்பில் மகன் பிறந்தான். தாயும் சேயும் முன்னதாக இங்கிலாந்து சென்றனர். பின்தொடர இருந்த தந்தை 1879 மே 4இல் மறைந்தார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் சுற்றமும் மொழியும் சூழ வளரும் வாய்ப்பு அன்றே அறுந்தது. அவரை ஆளாக்கிய பொறுப்பு முழுவதும் தாயுடையது. நம் உரைகளில் அந்த அம்மையாருக்கு ஒரு வாக்கியமேனும் உண்டா?

பன்னிரண்டாம் வயதில் குளோஸ்டர்ஷயரில் ஸ்டோன்ஹவுஸ் என்னும் சிற்றூரின் வைக்ளிஃப் பள்ளியில் சேர்ந்தார். அவ்வூர்ப் பெயருக்குக் 'கல்வீடு' என்பது பொருள். பொருத்தம் தற்செயலே, எனினும் சொல்லாமல் விட மனமில்லை. கம்பளி நெசவாலைகள் நிறைந்த பள்ளத்தாக்கின் ஓரம். ஊரை அடுத்து டோவரோ குன்று. அக்குன்றின் பாறையடுக்குகளை அந்த மாணவர் ஆராய்ந்தார். 1895இல் பள்ளி இதழில் அதன் நிலவியல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கலை வரலாற்றின் பேரறிஞர் முதன்முதல் அச்சில் எழுதியது கோயிற் சிலையைப் பற்றியன்று, தாய்நாட்டுக் குன்றின் கல்லைப் பற்றி.

அந்தக் கல்தான் அவரைத் தந்தை நாட்டுக்கு அழைத்து வந்தது. 1903இல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் தலைவரானார். தோரியனைட் என்னும் புதிய கனிமத்தைக் கண்டறிந்தார். சுத்தியலும் கையுமாய்க் கண்டிச் சீமையின் ஊர்களில் திரிந்தபோதுதான், தலைமுறைக் கைவினைஞர் தொழிலிழந்து நலிவதைக் கண்டார். அக்காட்சி அவரை மாற்றியது. துணைவியார் எதெலுடன் திரட்டிய செய்திகள் 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலாயின. அந்நூல் அச்சேறிய இடம் கொழும்பன்று, இலண்டனுமன்று. பள்ளிப்பருவத்தில் நடந்து திரிந்த அதே குளோஸ்டர்ஷயரில், பிராட் கேம்ப்டன் என்னும் ஊரில், தம் இல்லத்திலேயே, வில்லியம் மாரிசின் பழைய கையச்சுப் பொறியில் அச்சிட்டார், 425 படிகள்.

பிற்பகுதி நாம் அறிந்ததே: 1917இல் பாஸ்டன் அருங்காட்சியகம், முப்பதாண்டு உழைப்பு, 1947 செப்டம்பர் 9இல் நீடம் நகரில் மறைவு.

மலாயாவிலிருந்து துரைராசசிங்கம் அவர்கள் வாழ்க்கைக் குறிப்புக் கேட்டபோது, தம்மைப் பற்றி எழுதுவது தம் கொள்கைக்கு ஒவ்வாது என்று மறுத்துவிட்டார். ஆகவே கல்வீட்டுச் சிறுவன் தந்தையை எண்ணி ஏங்கினானா என்பதற்கு அவர் வாய்மொழி கிட்டவில்லை. டோவரோ குன்றின் பாறைகளைப் பற்றிய அந்தப் பள்ளிக் கட்டுரை மட்டும் இருக்கிறது.