சீகன்பால்கு ஐயரும் தரங்கை அச்சுக்கூடமும்

ஜெர்மானிய தேசத்துச் சாக்ஸனி நாட்டிலே புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு தோன்றியவர் பர்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயர். இளம் பிராயத்திலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரிடத்தில் வேதசாஸ்திரம் பயின்றார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணைபெற்று, புளூட்சோ ஐயருடன் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையை அடைந்தார்.

வந்தவர் முதலிற் செய்தது பிரசங்கமன்று. முதிய உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டி, அங்கே சிறார்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகினார். பின்னர் அழகப்பன் என்னும் துபாஷியின் உதவியால் மொழியில் தேர்ந்து, ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். அவர் எழுதிய நூல்களைக் கூலிக்கு அமர்ந்த எழுத்தர்கள் பனையோலையிற் பிரதி செய்தனர். பிரதி ஒன்று முடிய எத்துணைக் காலம் செல்லும் என்பதை எழுத்தாணி பிடித்தவரே அறிவர்! ஆகவேதான் ஐயர் அச்சியந்திரத்தை நாடினார்.

தமிழ் அச்சுக்கு அவர் முதல்வரல்லர். 1578-இலேயே அந்திரிக்கு பாதிரியார் கொல்லத்தில் தமிழ் நூலொன்றை அச்சிட்டிருந்தார். ஆயினும் அவ்வழி நெடுங்காலம் தூர்ந்து கிடந்தது. இலண்டன் நகரத்துக் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் 1711-இல் அனுப்பிய யந்திரம் ஏறிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் கரையோரத்திற் பிடித்துக்கொண்டனர். பொருள் கொடுத்து மீட்ட யந்திரம் வந்து சேர்ந்தது. உடன் வந்த அச்சுத் தொழிலாளியோ வழியிலேயே உயிர் நீத்தார். ஹாலேயில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-இல் வந்தன. அவை பருமனாயிருந்தமையால் காகிதம் மிகச் செலவாயிற்று. அட்லர் என்னும் தொழிலாளர் பொறையாற்றிலே சிற்றெழுத்துக்களை வார்த்துத் தந்தார். புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. ஈயம் உருக்கவும் எழுத்துக் கோக்கவும் காகிதம் செய்யவும் கற்றுக்கொண்டாலன்றிச் சபை தன் காலில் நில்லாது என்பதைத் தரங்கையார் இப்பாடுகளாலேயே கற்றனர்.

இதற்கிடையில் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி எழுதி 1713-இல் அனுப்பிய அரிய நூலை அச்சிடப் பிராங்கே இசையவில்லை. அது 1867-இல் சென்னையில் அச்சாயிற்று. ஆசிரியர் எத்துணைப் பெரியவராயினும், இவ்விஷயத்தில் மாணவரே தெளிவுடையவர் என்று நமக்குத் தோன்றுகிறது.

சீமைக்குச் சென்று மீண்ட ஐயர், 1716-இல் உபதேசிமாரையும் உபாத்தியாயர்களையும் பயிற்றுதற்கென ஒரு வித்தியாசாலை தொடங்கினார். கேட்போர் மொழியிலேயே கற்றுப் பேசவும் எழுதவும் வல்லாரை ஆக்குவதே அதன் நோக்கம். கோபனேகன் மிஷன் சங்கத்துச் செயலாளர் வெண்டு என்பாருக்கு இவ்வேற்பாடுகள் பிடிக்கவில்லை. அப்போஸ்தலர்போல் வெறுங்கையராய்த் திரிதலே ஊழியம் என்றும், கட்டிடங்களிற் பணம் செலவிடலாகாதென்றும் கடிந்து எழுதினார். 1708-இல் கோட்டைத் தலைவர் நான்கு திங்கள் சிறையிலிட்டபோது தளராத உள்ளம், தம்மவர் எழுதிய இக்கடிதங்களால் மிக நொந்தது. உடலும் நலிந்து, 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் தமது 36-ஆம் வயதில் ஐயர் காலமானார். தாம் முந்திய ஆண்டு பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார். அவர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற கடலூர் ஆறுமுகம், ஆரோன் என்னும் பெயருடன் உபதேசியாராய் உழைத்து, 1733-இல் குருப்பட்டம் பெற்றார்.